ரொட்டி இல்லாத படம்

அந்தப் படத்தில் ரொட்டி இல்லை. ஒரு ரொட்டிக் கடையைப் பற்றிய கட்டுரைக்காக எடுத்த படம் அது என்று சொன்னால் இன்றும் யாரும் நம்புவதில்லை. என் சித்தி பொங்கலுக்கு எடுத்த ஊதாச் சேலையில், தலை நிறையப் பூவோடு, பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டத்தில் நிற்கிற பிள்ளையைப் போல விறைத்து நிற்கிறார். பக்கத்தில் சித்தப்பா, தன் கல்யாணக் கோட்டுக்குள் அகப்பட்டுக்கொண்டவராக. முன்னால் ஒரு நீளமான மேசை. அதன் மேல் எவர்சில்வர் தட்டுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன, எல்லாம் முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குத் துடைத்தவை. நடுவே பிளாஸ்டிக் ரோஜாக்கள். பின்னால் கோயிலில் இரவல் வாங்கிய பெரிய அண்டா, புளி போட்டுத் துலக்கியதில் வெயிலை அப்படியே நம் கண்ணுக்குத் திருப்பி அடிக்கிறது. தட்டிலும் ஒன்றுமில்லை, அண்டாவிலும் ஒன்றுமில்லை. இப்படி ஒரு படத்தை எந்தக் கட்டுரையிலும் போடமாட்டேன் என்று நான் சண்டை பிடித்தேன். அந்தச் சண்டையில் நான் தோற்றதைப் போல நல்ல காரியம் எங்கள் குடும்பத்தில் அதற்குப் பிறகு நடக்கவில்லை.

நான் அப்போது பதுளை கடைத்தெருவில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் உட்கார்ந்து இணையத்தளம் ஒன்றுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன், நாற்காலி மட்டும் மாறியிருக்கிறது. கீழே உள்ள துணிக்கடையும் மேலே உள்ள இணையத்தளமும் ஒரே முதலாளிக்குச் சொந்தம். அவருக்குச் சேலை வியாபாரம் பரம்பரைத் தொழில், செய்தி சொந்த ஆசை. காலையில் கடையைத் திறந்து ஊதுபத்தி ஏற்றியதும் மேலே ஏறி வந்து, எங்கள் முகப்புப் பக்கத்தைத் தன் கடைக் கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி இரண்டடி தள்ளி நின்று பார்ப்பார். "தங்கச்சி, கண்ணாடிக்குள்ள எல்லாச் சாரியையும் தொங்கப் போட்டா ஒருத்தரும் நிக்க மாட்டாங்க. ஒண்ணு தொங்கணும். அத பாத்துட்டுத்தான் உள்ளுக்கு வரணும்" என்பார். கட்டுரைக்கு மேலே ஒரே ஒரு நல்ல படம் போதும் என்பதை அவர் சொல்லும் முறை அது. அதில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்த ஒன்று என்பதில்தான் நாங்கள் தினமும் முட்டிக்கொண்டோம்.

ஆரம்ப காலத்தில் அந்தச் சிக்கலும் இருக்கவில்லை, ஏனென்றால் எங்களிடம் இருந்ததே ஒரு படம்தான். தேயிலைக் கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். மலையகம் என்று எது வந்தாலும் அவளைத் தூக்கி மேலே வைத்துவிடுவோம். சம்பளப் பேச்சு முறிந்தது என்ற செய்திக்கும் சிரித்தாள். மண்சரிவு எச்சரிக்கைக்கும் சிரித்தாள். லுணுகலைப் பக்கம் குளவி கொட்டி ஆட்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன செய்திக்கும் அவள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து வாசகர் ஒருவர், "அந்தப் பிள்ளைக்கு யாராவது விஷயத்தைச் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார். அன்றைக்கு நான் முதலாளியிடம் சொல்லி அவளுக்கு ஓய்வு கொடுத்தேன். அதன் பிறகு எல்லாப் படத்தையும் நானே எடுக்கத் தொடங்கினேன். கொஞ்சம் பேரும் கிடைத்தது, அதற்கேற்ற திமிரும் சேர்ந்தது.

சித்தி என் அம்மாவின் கடைசித் தங்கை. நமுனுகுல மலையின் சரிவில் உள்ள ஒரு தோட்டத்தில் லயம் என்கிற வரிசை வீட்டில், ஒற்றையறைக் காம்பராவில் பிறந்து, அதே லயத்தில் நாலு காம்பரா தள்ளி வாழ்க்கைப்பட்டவர். வருடக்கணக்கில் மலையில் கொழுந்தெடுத்தவர். சித்தப்பா தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டும்போது விழுந்து இடுப்பைக் கெடுத்துக்கொண்ட பிறகு ஒரு சம்பளம் நின்றது. அதே நேரத்தில் மகள் உயர்தரம் படிக்கப் பதுளைக்கு வந்து விடுதியில் தங்கினாள். ஒரு கைச் சம்பளத்தில் இரண்டு வீடு ஓடாது. அதனால் சித்தி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதாக முடிவெடுத்தார். பதுளையில் உள்ள ஏஜென்சிக்காரரிடம் பாஸ்போர்ட்டும் போய்விட்டது. அங்கே ஒரு வீடு அமைகிற வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று, மலை உச்சிக்கு நடக்கிறவர்கள் திரும்புகிற முடக்கில் நாலு தகரத்தைச் சாத்தி ஒரு ரொட்டிக் கடை போட்டார். கடை ஓடினால் போகமாட்டேன் என்று அவர் சொன்னது ஒரு பேச்சுக்குத்தான். ஆனால் அதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். போனால் இரண்டு வருடம். மகளின் பரீட்சைக்கும் சித்தி இருக்கமாட்டார், சித்தப்பாவுக்கு இடுப்பில் எண்ணெய் தேய்க்கவும் ஆள் இருக்காது.

ஆகவே கடையை ஓட வைக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது, அல்லது நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். பசறை பஸ்ஸில் ஏறி, மலைக்குப் போய், ஒரு நாள் முழுக்கப் படம் எடுத்தேன். பனி மூட்டம் விலகிச் சரிவில் வெளிச்சம் இறங்கிய நேரத்தில், சித்தி பழைய சட்டையோடும் தலைத்துண்டோடும் விறகு அடுப்பின் முன்னால் குந்தியிருந்தார். ஈர விறகு. புகை சுருண்டு மேலே போகிறது. ரொட்டியைப் புரட்டிவிட்டு அவர் நிமிர்ந்து பார்த்தார். கன்னத்தில் கோதுமை மாவு, கண் இரண்டும் பளபளவென்று. அந்த ஒரு கணம் எனக்குச் சிக்கியது. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸுக்குள் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து எனக்கு நானே கை குலுக்காத குறை.

கட்டுரை வெளியானது. எங்கள் தளத்தில் அதற்கு முன் எதுவும் அப்படிப் பரவியதில்லை. மத்தியானத்துக்குள் முதலாளி வேட்டி தடுக்க மேலே ஓடி வந்து, "தங்கச்சி, லண்டன்ல எங்க மச்சான் அனுப்பியிருக்கார், நம்ம படத்த நமக்கே" என்று சந்தோஷப்பட்டார். நான் சித்திக்குப் போன் போட்டு, நாளைக்குக் கோதுமை மாவு கூடுதலாக வாங்கி வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவரும் வாங்கி வைத்தார். அடுத்த நாள் வந்தவர்கள் வழக்கமான இரண்டு பால்காரர்களும், மழைக்கு ஒதுங்கிய ஒரு வெள்ளைக்காரரும். அவர் தன்னுடைய பிஸ்கட்டைத் தானே கொண்டுவந்திருந்தார்.

வாரம் முடிவதற்குள் என்ன நடந்தது என்று எனக்கே விளங்கிவிட்டது. படத்தின் கீழே வந்த கருத்துகளைச் சித்தியின் மகள் விடுதியிலிருந்து வாசித்து அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். 'கண்ணீரோடு ரொட்டி சுடும் தாய்' என்று ஒருவர். 'பாவம் எங்கள் மலையக மக்கள்' என்று பலர். வெளிநாட்டிலிருந்து ஒருவர் உதவி அனுப்ப வங்கிக் கணக்கு இலக்கம் கேட்டிருந்தார். இன்னொரு தளம் படத்தை எடுத்து, கடையை வெட்டிவிட்டு, பட்டினியைப் பற்றிய தன் கட்டுரைக்கு மேலே வைத்திருந்தது. ஆயிரம் பேர் பார்த்து உருகினார்கள், ஒருவருக்கும் பசிக்கவில்லை. அழுகிற வீட்டில் யார் போய் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்?

சித்தி போனில் பேசியது இன்னும் காதில் இருக்கிறது. "ஏன்டி, நான் எப்படி அழுதேன்? ஈர வெறகுடி அது! பொக வந்தா கண்ணுல தண்ணி வராம தேனா வரும்? பாவம் பாவம்னு போடுறாங்களாம். நான் யார்கிட்ட பிச்ச கேட்டேன்? ரொட்டி வாங்க வாங்கன்னுதானே கேட்டேன்!" நான் படத்தின் வெளிச்சத்தைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். "வெளிச்சத்த நீயே வச்சுக்க. ஞாயித்துக்கெழம வா. நான் சொல்ற மாதிரி எடு" என்று வைத்துவிட்டார். போன் வைத்த பிறகு எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது, ஏனென்றால் ஏஜென்சிக்காரர் அந்த மாத முடிவுக்குள் வீடு அமைந்துவிடும் என்று சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் அங்கே கடையே இல்லை. அதாவது, கடை என்று நான் நினைத்திருந்த எதையும் காணோம். அடுப்பை ஒரு பழைய சேலையால் மூடியிருந்தார்கள். கரி பிடித்த ரொட்டிக் கல்லை லயத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்கள். ரொட்டி எங்கே என்று கேட்டேன். "படம் எடுக்கிற நேரத்துல எதுக்கு அழுக்கு பண்ணிக்கிட்டு? காலையிலேயே எல்லாத்தையும் சுட்டு புள்ளைங்களுக்கு குடுத்துட்டேன்" என்றார் சித்தி, இதைக்கூட விளக்க வேண்டியிருக்கிறதே என்ற முகத்தோடு. எங்கள் ஆட்களுக்குப் படம் என்றால் அப்படித்தான். ஒவ்வொரு காம்பராவிலும் ஒரு ஷோகேஸ் இருக்கும். அதற்குள் ஒருநாளும் தேத்தண்ணி ஊற்றாத கண்ணாடிக் கோப்பைகள் இருக்கும். வீட்டில் மிக நல்ல பொருள் எதுவோ அதை யாரும் தொடக்கூடாது, வருகிறவர்கள் பார்க்க வேண்டும். சித்தி கடையையே ஒரு ஷோகேஸாக ஆக்கியிருந்தார். லயம் முழுக்க அவரவர் தட்டுகளைக் கொடுத்திருந்தார்கள். கடை சின்னதாகத் தெரியக்கூடாது என்று கோயில் கமிட்டியிடம் கேட்டு அண்டாவை உருட்டி வந்திருந்தார்கள். சித்தப்பா முன் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து கோட்டுப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"சித்தி, கொஞ்சம் சிரிங்க" என்றேன். "சிரிச்சா வெளாட்டுக்கு நிக்கிறேன்னு நெனப்பாங்க. நீ எடு" என்றார். எடுத்தேன். எடுத்து முடிந்ததும் ஒரு நிபந்தனையும் போட்டார். "படத்துக்குக் கீழயே எம்பேரு, தோட்டத்துப் பேரு, போன் நம்பர். கடைசியில கொண்டுபோய்ப் போடாத. கடைசி வரைக்கும் யாருடி படிக்கிறா?" முந்திய கட்டுரையில் நான் இலக்கத்தை உருக்கமான கடைசிப் பந்திக்கும் கீழே வைத்திருந்தேன்.

இந்தப் படத்தைப் போட முடியாது என்று முடிவு செய்துதான் நான் பதுளைக்குத் திரும்பினேன். அதை ஊகித்தவர் போல அடுத்த நாளே சித்தி பஸ் ஏறி வந்து, துணிக்கடையில் வாடிக்கையாளர் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். முதலாளி அவருக்குச் சோடா வரவழைத்தார். இருவரும் என் கம்ப்யூட்டரைக் கீழே கொண்டுவரச் சொல்லிப் படத்தைப் பார்த்தார்கள். முதலாளி இரண்டடி தள்ளி நின்றார். பிறகு கிட்டே வந்தார். அவர் முகம் மலர்ந்தது.

"இது நம்ம கடை சாரியல்லவா!"

"ஒங்க கடையிலதான் எடுத்தேன் மொதலாளி. போன பொங்கலுக்கு."

"சொன்னேனா இல்லையா, சாயம் போகாதுன்னு? எப்படி விழுந்திரிக்கி பாருங்க, மடிப்பு மடிப்பா. தங்கச்சி, இதத்தான் போடணும்."

நான் விடவில்லை. ரொட்டிக் கடைப் படத்தில் ரொட்டி வேண்டாமா, படத்தைப் பார்த்ததும் என்ன கடை என்று தெரிய வேண்டாமா, மேசையும் அண்டாவும் அடைத்துக்கொண்டிருக்கிறதே, கண் எங்கே போய் நிற்கும் என்று அடுக்கினேன். எல்லாம் சரியான கேள்விகள், இன்றைக்கும் யாராவது புதிதாக வந்தால் அதையேதான் சொல்லுவேன். "ரொட்டி எப்படி இரிக்கும்னு தெரியாத ஆள் நம்ம ஊவா மாகாணத்துல யாரு தங்கச்சி?" என்று முதலாளி ஒரே போடாகப் போட்டார். அவர் படத்தைத் தேர்ந்தெடுத்தது சேலைக்காக என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தளம் அவருடையது. படத்தைப் போட்டேன். அதற்குக் கீழே பேரும் இலக்கமும் போட்டேன். பழைய கட்டுரையையே கொஞ்சம் திருத்தி ஒட்டிவிட்டு, வேறு வேலை பார்க்கப் போனேன்.

இந்த முறை யாரும் உருகவில்லை. கண்ணீரைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. 'சேலை எங்கே வாங்கியது?' என்று ஒரு பெண் மட்டும் கேட்டிருந்தார், முதலாளியே உட்கார்ந்து அதற்குப் பதில் எழுதினார். அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன். ஆனால் படம் கட்டுரையை விட்டுப் பிரிந்து தனியாகக் கிளம்பியிருக்கிறது. யாரோ அதைப் பேரோடும் இலக்கத்தோடும் சேர்த்து அப்படியே போனில் பிடித்து லுணுகலைப் பக்கத்துத் தோட்ட வாட்ஸ்அப் குழுவொன்றில் போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து மொனராகலையில் கட்டிக்கொடுத்த பெண்கள் வரைக்கும் போயிருக்கிறது. கட்டுரையை யாரும் பார்க்கவில்லை, ஆகவே ரொட்டி என்ற பேச்சே அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கண்டது ஒரு பெரிய அண்டா, வரிசையாகத் துலக்கிய தட்டு, பட்டும் பூவுமாக நிற்கிற ஒரு குடும்பம். அதைப் பார்த்து அவர்களுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியிருக்கிறது.

முதல் அழைப்பு லுணுகலையிலிருந்து. ஒரு தாய். "அக்கா, எங்க பெரிய புள்ளைக்கு சடங்கு வச்சிருக்கோம். முந்தி மாதிரி லயத்து ஆளுங்க சேந்து சமைக்க இப்ப யாரும் இல்ல, பாதிப் பேர் கொழும்புல. நீங்க அந்த அண்டாவோட வந்து சமைச்சுக் குடுப்பீங்களா?" சித்திக்கு ஒரு நொடி ஒன்றும் விளங்கவில்லையாம். விளங்கியதும் யோசிக்காமல், "வருவோங்க" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அண்டா கோயில் பிள்ளையாருடையது என்பது ஞாபகம் வந்ததாம். கோயில் திருவிழாவுக்கு அன்னதானம் சமைப்பதில் சித்தியும் ஒருவர் என்பதால் கமிட்டி மறுக்கவில்லை. திருப்பித் தரும்போது இதே மாதிரி துலக்கித் தரவேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். அதே வாரத்தில் காதுகுத்துக்கு ஒருவர் கேட்டார், புது வீடு குடிபோகிறவர் ஒருவர் கேட்டார். சித்தி எனக்குப் போன் போட்டு, "அடியேய், ரொட்டிய ஒருத்தனும் கேக்கல. சோறு கேக்குறாங்கடி, சோறு!" என்று சிரித்த சிரிப்பில், நான் போய்க்கொண்டிருந்த பஸ்ஸில் பக்கத்திலிருந்தவர்கூட என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இன்று ஒரு கட்டுரைக்குப் படம் தேர்ந்தெடுக்க உட்காரும்போது வெளிச்சமும் கோணமும் எனக்கு இரண்டாவதாகத்தான் வருகின்றன. இதை யார் பார்க்கப் போகிறார்கள், பார்த்துவிட்டு அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். அடுப்புப் புகையில் நான் எடுத்த படம் எங்களைத் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கானது. அவர்கள் பார்த்தார்கள், பெருமூச்சு விட்டார்கள், போனார்கள். சித்தியின் படம் எங்கள் ஆட்கள் எங்கள் ஆட்களுக்குக் காட்டுகிற முகம். அந்த முகத்தை நம்பி ஒரு தாய் தன் மகளின் சடங்கை ஒப்படைத்தாள். சித்தி இதையெல்லாம் திட்டமிட்டுச் செய்தார் என்று சொல்லமாட்டேன். அவருக்குத் தெரிந்தது, தன்னைப் பார்த்தால் யாரும் பாவம் என்று சொல்லக்கூடாது என்பது மட்டும்தான். அந்த அடுப்புப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. அது நல்ல படம்தான், எனக்கு அதில் சந்தேகம் கிடையாது. ஆனால் எங்கேயும் போடுவதில்லை.

குவைத் பயணம் என்ன ஆனது என்பதைச் சொல்ல வேண்டும். லுணுகலைச் சடங்குக்கு முந்திய நாள் காலை, சித்தியின் இஸ்தோப்பில் நாங்கள் எல்லாரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். விடுதியிலிருந்து மகளும் வந்திருந்தாள். ஏஜென்சிக்காரரின் அழைப்பு வந்தது. சித்தியின் கை ஈரமாக இருந்ததால் மகள்தான் போனைப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள். "அக்கா, சந்தோஷமான செய்தி. அங்க மேடத்துக்கு ஒங்க படம் புடிச்சிருச்சு. ஒங்களத்தான் வேணும்னு சொல்லிட்டாங்க." எந்தப் படம் என்று நான் தாழ்ந்த குரலில் கேட்டேன். அன்று ஏஜென்சிக்குத் துணையாகப் போயிருந்த மகள்தான் பதில் சொன்னாள். ஏஜென்சியில் சுவரோடு நிற்க வைத்துத் தலை முதல் கால் வரை எடுத்திருக்கிறார்கள். பொட்டை அழிக்கச் சொல்லியிருக்கிறார்கள், பூவை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், தலையில் ஒரு துணியைச் சுற்றி, கையை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, நேராகப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பாரம் தூக்குகிற உடம்புதானா என்று மேடம் பார்க்க வேண்டுமாம். இதைச் சித்தி அதுவரை எங்களில் வேறு ஒருவரிடமும் சொல்லவில்லை. சித்தப்பா உரித்த வெங்காயத்தையே திரும்ப உரித்துக்கொண்டிருந்தார்.

சித்தி என்ன சொல்லப் போகிறார் என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. நாலு சடங்குச் சமையலை நம்பி இரண்டு வருடச் சம்பளத்தை விடுவது சின்ன விஷயம் இல்லை. சித்தி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனின் பக்கம் குனிந்தார்.

"தம்பி, மேடத்துக்கு என் நன்றிய சொல்லுங்க. ஆனா அந்தப் படத்துல நிக்கிறவ வரமாட்டான்னு சொல்லுங்க. நான் அவ இல்லீங்க."

பிறகு மகளிடம் திரும்பி, போனை வைத்துவிட்டுக் கிழங்கைக் கொண்டுவரச் சொன்னார்.